விலைக்குப் போனவர்கள்

ரோமானியர்கள் ‘விற்கிறேன்’ என்பதற்கு ‘வெண்டோ’ என்றார்கள். ‘விற்கப்படுகிறேன்’ என்று சொல்ல, செவ்வியல் லத்தீன் உரைநடையில் பெரும்பாலும் வேறொரு வினையே வந்தது: ‘வேனெயோ’. இரண்டுக்கும் அடி ‘வேனும்’, அதாவது விற்பனை. முன்னது விற்பனைக்குக் கொடுப்பது; பின்னது விற்பனைக்குப் போவது.

எண்ணெயும் கோதுமையும் விலைக்குப் போனதைச் சொல்ல இது பொருத்தமான வினைதான். ஆனால் அந்தச் சந்தையில் மனிதர்களும் நின்றார்கள். கட்டி இழுத்து வரப்பட்டவனையும் தானே நடந்து போனவனாகக் காட்டுகிறது இந்த இலக்கணம். இதை ஒரு சொல் விநோதமாக மட்டும் எண்ணிக் கடந்துவிட மனம் வருவதில்லை.

கடல் கடந்து புதிதாக வந்த அடிமைகளின் பாதங்களில் வெள்ளைச் சுண்ணம் பூசி மேடையேற்றினார்கள். கழுத்தில் ஒரு சீட்டு தொங்கும். எந்த இனம், என்ன நோய், ஓடிப்போகும் பழக்கம் உண்டா என்பதெல்லாம் வாங்க வந்தவருக்குத் தெரிந்தாக வேண்டும். சந்தையைக் கண்காணித்த ஈடில் அதிகாரிகளின் ஆணை அது. குறையை மறைத்து விற்றால், வாங்கியவர் ஆறு மாதத்துக்குள் ஆளைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை மீட்க வழக்குப் போடலாம். மாடு, குதிரைக்கும் ஏறக்குறைய இதே விதிதான். சட்டம் அக்கறை காட்டியதெல்லாம் வாங்குபவர் மீது.

போர்க்கைதிகளுக்கென்று தனித் தொடரே இருந்தது: ‘சுப் கொரோனா வெண்டெரே’. தலையில் மாலை சூட்டி விற்பது என்று பொருள்; ‘வெண்டெரே’ என்பது ‘வெண்டோ’வின் மற்றொரு வடிவம். கி.மு. 56-இல் வெனெட்டி இனத்தாரை அடக்கிய ஜூலியஸ் சீசர், அவர்களுடைய ஆட்சி மன்றத்தாரைக் கொன்றுவிட்டு மற்றவர்களை இப்படி விற்றதாகத் தம் போர்க்குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அதற்கு முந்தைய ஆண்டு அதுவாதுகி மக்களின் நகரத்தை மொத்தமாக விற்றார். வாங்கிய வியாபாரிகள் கொடுத்த கணக்கு, 53,000 தலைகள். இதைச் சொல்லும் சீசரின் வாக்கியத்தில் இரக்கத்தின் சுவடே இல்லை.

‘வெண்டெரே’ அரசு அலுவல்களிலும் புழங்கியது. சிசிலித் தீவில் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை வரியாகத் தண்டும் உரிமையை ஏலம் விட்டார்கள். அதையும் ‘விற்பது’ என்றே பேச்சாளர் சிசரோ எழுதுகிறார். பொன்னுக்காகத் தாய்நாட்டைக் காட்டிக்கொடுத்தவனைப் பாதாள உலகில் காட்டும் கவிஞர் வர்ஜிலுக்கும் இதே வினைதான் கைகொடுத்தது.

குறில் நெடில் பழகிய தமிழ்க் காதுக்கு இன்னொன்று எளிதில் பிடிபடும். ‘வெனீரே’ என்றால் வருவது; ‘வேனெயோ’வின் மற்றொரு வடிவமான ‘வேனீரே’ என்றால் விற்கப்படுவது.

‘வேனெயோ’ பேச்சு வழக்கிலிருந்து மறைந்துவிட்டது. ‘வெண்டோ’வின் வழித்தோன்றல்கள் இத்தாலி, பிரான்ஸ், ஸ்பெயின் கடைவீதிகளில் இன்றும் புழங்குகின்றன. ஸ்பெயினில் விலைக்கு வந்த வீட்டின் முகப்பில் ‘செ வெந்தே’ என்ற பலகை தொங்கும். சொல்லுக்குச் சொல் பார்த்தால், ‘தன்னையே விற்கிறது’. வீட்டைப் பற்றி மட்டும் அப்படிச் சொன்னால் யாருக்கும் வலிப்பதில்லை.