மண்டப விளையாட்டுக்கு எந்த வில்லை?



எங்கள் பள்ளியின் படக்கருவிக்குப் புதிய லென்ஸ், அதாவது வில்லை, ஒன்று வாங்கப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஒரு சிறு தொகையை ஒதுக்கியுள்ளது. பூப்பந்து, மேசைப்பந்து போன்ற மண்டப விளையாட்டுகளைப் படம்பிடிக்கவே இந்த ஏற்பாடு. "தூரத்தை இழுக்கும் பெரிய வில்லையாக வாங்குங்கள் சார்" என்பது பலரின் கருத்து. எனக்கு அதில் உடன்பாடில்லை. காரணத்தை இங்கே எழுதுகிறேன்.

மண்டபத்தில் நம் சிக்கல் தொலைவன்று; ஒளிக்குறைவு. நம் கண்கள் தம்மைச் சரிசெய்துகொள்வதால் மண்டபம் வெளிச்சமாகத் தோன்றுகிறது. படக்கருவிக்கோ அது அந்திப் பொழுது. பூப்பந்தாட்டத்தில் கைவீச்சு கலங்காமல் பதிய, ஒரு நொடியில் 500இல் ஒரு பங்கு வேகமாவது தேவை. அக்குறுகிய நேரத்தில் போதிய ஒளி புக, வில்லையின் துளை அகன்றிருக்க வேண்டும். இத்துளையை 'எஃப்' எண்ணால் குறிப்பர். எண் சிறுத்தால் துளை பெருக்கும்.

படக்கருவியோடு வரும் 18-55 மி.மீ. வில்லையை முழுதும் நீட்டினால் பெரும்பாலும் எஃப் 5.6 தான். மலிவான தொலைவில்லைகளின் நிலையும் அதுவே. 50 மி.மீ. எஃப் 1.8 வில்லையோ அதைவிட ஏறத்தாழ 10 மடங்கு ஒளியை உள்வாங்கும். நாளிதழ்ப் படப்பிடிப்பாளர்கள் விரும்பும் 70-200 மி.மீ. எஃப் 2.8 சிறந்ததே, ஆனால் அதன் விலை நம் பள்ளிக்கு எட்டாது. பளிச்சிடும் விளக்கைப் பயன்படுத்தலாமா? ஆடும் பிள்ளையின் கண் கூசும், அது முறையன்று.

மற்றொன்றையும் பெற்றோர் அறிதல் நலம். நம் நாட்டு மின்னோட்டத்தால் சில மண்டப விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. அடுத்தடுத்த படங்கள் ஒன்று வெளிச்சமாகவும் ஒன்று மங்கலாகவும் அமைந்தால், அது வில்லையின் குறையன்று.

ஆகவே, 50 மி.மீ. எஃப் 1.8 வில்லையே என் பரிந்துரை. கெனன், நிக்கோன் இரண்டிலும் விலை குறைந்த வில்லைகளுள் இதுவும் ஒன்று. மிஞ்சும் பணத்தில் பிள்ளைகளுக்கு இறகுப்பந்துகள் வாங்கலாம்.

இதற்கு ஓர் எல்லை உண்டு. ஓரிடத்தில் அமர்ந்துகொண்டு மண்டபம் முழுவதையும் இதனால் எடுக்க இயலாது. நடுவரிடம் இசைவு பெற்று, ஒவ்வோர் ஆடுகளத்தின் அருகிலும் சென்று அமர வேண்டும். அதை நான் நன்மையாகவே கருதுகிறேன். பெரிய வில்லை கையிலிருந்தால் நடு ஆடுகளத்து வெற்றியாளர்களோடு நாம் நின்றுவிடுவோம். ஓரத்து ஆடுகளத்தில், முதற்சுற்றிலேயே தோற்கும் பிள்ளையை யார் எடுப்பது? வேலை நேரத்தால் போட்டிக்கு வர இயலாத பெற்றோர், தம் பிள்ளை ஆடியதைப் பள்ளி ஆண்டிதழில்தான் காண்கின்றனர். அங்கே அம்முகம் தெளிவாக இருக்க வேண்டும்.

மாற்றுக் கருத்துடையோர் அடுத்த சங்கக் கூட்டத்தில் எடுத்துரைக்கலாம். கலந்து பேசி முடிவெடுப்போம்.