போலியல்லாத வலி

நாடக மேடையில் அரசனின் மகுடம் அட்டையால் ஆனது. அவன் சிந்தும் குருதியும் சாயமே. தொழில்முறை மற்போரும் ஒருவகை நாடகம்தான். வெல்பவர் யார், வீழ்பவர் யார் என்பது முன்னரே முடிவு செய்யப்படுகிறது. ஆயினும் அம்மேடையில் சிந்தும் குருதி பெரும்பாலும் சாயமன்று. அமெரிக்க மற்போர் வீரர் மிக் ஃபோலியின் வாழ்க்கை இதற்குச் சான்று. அவர் பெயர் தமிழில் ‘போலி’ என ஒலிப்பினும், அவர் பட்ட வலி போலியன்று.

1965இல் பிறந்த ஃபோலி, கல்லூரி மாணவராக இருந்தபோது, 1983 அக்டோபரில் நியூயார்க் அரங்கொன்றில் ஜிம்மி ஸ்னூக்கா என்னும் வீரர் இரும்புக் கூண்டின் உச்சியிலிருந்து பாய்ந்ததைக் கண்டார். அக்காட்சியே அவர் வாழ்வின் திசையை வகுத்தது. பென்சில்வேனியாவில் டொமினிக் டெனூச்சியிடம் பயிற்சி பெற்றார். நெடுந்தொலைவு காரோட்டிச் சென்று, காரிலேயே உறங்கி எழுந்து பயின்றார். கல்வியையும் கைவிடாது பட்டம் பெற்றார்.

எடுப்பான உடற்கட்டு அவருக்கு வாய்க்கவில்லை. தாங்கும் ஆற்றலையே முதலாக்கினார். 1994இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் களக்கயிறுகளிடையே கழுத்துச் சிக்கி, வலக்காதின் பெரும்பகுதியை இழந்தார். 1995இல் ஜப்பானின் கவாசாக்கியில் முள்கம்பியும் வெடிகளும் சூழ்ந்த களத்தில் டெரி ஃபங்கை வென்றார். 1998 ஜூன் 28இல் பிட்ஸ்பர்க்கில் ஏறத்தாழ 16 அடி உயரக் கூண்டின் மேலிருந்து எறியப்பட்டார், அது திட்டமிட்டது. மீண்டும் மேலே ஏறியபோது கூரை பெயர்ந்து உள்ளே வீழ்ந்தார், அது திட்டமிடாதது. எனினும் எழுந்து நின்று போட்டியை முடித்தார்.

1999 ஜனவரியில் ‘ராக்’ என்னும் வீரரோடு பொருதியபோது, கைகள் விலங்கிடப்பட்ட நிலையில் தலையில் நாற்காலியால் மீண்டும் மீண்டும் அடிக்கப்பட்டார். களத்தருகே மனைவியும் சிறு பிள்ளைகள் இருவரும் அமர்ந்திருந்தனர். அப்பாவுக்கு ஒன்றும் நேராது என்று முன்னரே கூறியிருந்தும் பிள்ளைகள் கதறினர். பின்னர் ஓர் ஆவணப்படத்திற்காகப் பதிவான அக்காட்சியைக் கண்ட ஃபோலி, தாம் நல்ல தந்தைதானா எனக் கலங்கினார். பல்லாயிரவர் ஆரவாரம் உணர்த்தாததை இரு குழந்தைகளின் கண்ணீர் உணர்த்திற்று.

2000இல் முழுநேர மற்போரிலிருந்து விலகினார். அதற்கு முந்திய ஆண்டே, பிறர் எழுதித்தர இசையாமல் தம் கையாலேயே எழுதிய தன்வரலாறு வெளிவந்து, ‘நியூயார்க் டைம்ஸ்’ விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. நாற்காலியால் தலையில் அடிப்பதை அவர் பணியாற்றிய நிறுவனம் தடைசெய்தது 2010இல்தான்.

துணிவு போற்றுதற்குரியது, ஐயமில்லை. ஆனால் ஒருவன் தன் உடலையே விலைப்பொருளாக்கும்போது, அதன் விலையை ஏற்றுவது காண்போரின் கைத்தட்டலே. காயம் அவனுடையதாயினும், அதில் கைதட்டிய கைகளுக்கும் பங்குண்டு.