கருகிய சுருள்

இணையத்தில் மேய்ந்துகொண்டிருந்தபோது சத்யஜித் ராய் வரைந்த நூலட்டைகள் சில கண்ணில் பட்டன. இயக்குநராகும் முன் அவர் கல்கத்தா விளம்பர நிறுவனமொன்றில் ஓவியர். சிக்நெட் பிரஸ் நூல்களுக்கு அட்டை வடிவமைத்தவர். ‘ராய் ரோமன்’ என்ற எழுத்துருவும் அவர் ஆக்கமே. ‘பதேர் பாஞ்சாலி’ நாவலின் சிறுவர் பதிப்புக்குப் படம் வரைந்தபோதுதான் அக்கதையைத் திரைப்படமாக்கும் எண்ணம் அவருக்குள் முளைத்தது. படம் 1955இல் வெளிவந்தது.

தேடல் அத்துடன் நிற்கவில்லை. 1993இல் லண்டன் ஆய்வகமொன்றில் மூண்ட தீயில் அதன் மூல நெகட்டிவ் கருகிப்போயிற்று. எஞ்சியதை எவரோ எறியாமல் வைத்திருந்தனர். இருபதாண்டுகள் கழித்து, இத்தாலியின் போலோன்யா நகரில், வறண்டு முறியும் நிலையிலிருந்த சுருள்களுக்கு ஈரப்பதமூட்டிக் கையாலேயே சீர்செய்தனர். மீளாத பகுதிகளை வேறு பிரதிகளிலிருந்து எடுத்து இணைத்தனர். 2015இல் படம் மீண்டும் திரையேறியது.

தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931இல் வெளியானது. அதன் பிரதி ஒன்றுகூட இன்றில்லை. பிரதிகள் பலவாயின் நூல் பிழைக்கும் என்று சுவடிப் பாடத்தில் ஆண்டுதோறும் சொல்கிறேன், உ.வே.சா. ஊர் ஊராக அலைந்ததும் அதற்காகத்தானே? திரைப்படத்துக்கும் அதுவே விதி.

நண்பர்கள் ‘பதேர் பாஞ்சாலி’யைப் புதுப்பித்த பிரதியில் பார்க்க வேண்டும். நாணற்பூக்களினூடே அக்காளும் தம்பியும் ரயிலைக் காண ஓடும் காட்சி ஒன்றே போதும். பார்த்தபின், வீட்டுப் பரணில் பழைய பாட்டுப்புத்தகம் ஏதும் கிடந்தால் தூசி தட்டி ஒரு படியெடுத்து வையுங்கள். இருவரிடமேனும் அது இருக்கட்டும்.