ஈயத்தாள் சுற்றிய உருகி

நாதஸ்வரக்காரருக்குப் பின்னால் நின்று ஒருவர் ஒத்து ஊதுவதைக் கண்டவர்கள் இன்று யாழ்ப்பாணத்தில் என் வயதுக்காரராகவே இருப்பர். விரல் வைத்து வாசிக்கத் துளைகள் இல்லாத நீண்ட குழல் அது. மூச்சு அறாமல் ஒரே சுருதியை மணிக்கணக்காக ஊதிக்கொண்டிருப்பதுதான் அவருடைய வேலை. அளவெட்டி தெட்சணாமூர்த்தியின் தவிலுக்குத் தலையாட்டிய கூட்டம் ஒத்துக்காரரைத் திரும்பியும் பார்த்திராது. அவர் நிறுத்தியிருந்தால் மட்டும் பார்த்திருக்கும்.

அந்த இடத்தைப் பின்னர் ஒரு சிறு பெட்டி பிடித்துக்கொண்டது. புல்லாங்குழல் கலைஞரும் பொறியியலாளருமான பெங்களூர் ராஜ் நாராயண் 1970களின் இறுதியில் தொடக்கிவைத்த மின்னணுச் சுருதிப்பெட்டி, ஒத்துக்காரரையும் தம்புராவையும் ஒருசேர ஓரங்கட்டிவிட்டது. ஆளியைப் போட்டால் போதும், மூச்சு வாங்காமல் ஒலிக்கும். ஆனால் ஒத்துக்காரருக்கு இல்லாத ஒரு பலவீனம் அதற்கு உண்டு. உள்ளே இருக்கும் மயிரளவு கம்பி ஒன்று அறுந்தால் கச்சேரி நின்றுவிடும்.

எங்கள் அயலில் ஒரு சங்கீத ரீச்சர் இருக்கிறார். வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைகளுக்குப் பிள்ளைகளை ஆயத்தம் செய்து அனுப்புபவர். அவருடைய சுருதிப்பெட்டி 1980களின் பிற்பகுதியில் சென்னையிலிருந்து வந்தது. கணவர் வாங்கி வந்தார். சென்ற ஐப்பசி மழையில், மின்சாரம் ஏறியும் இறங்கியும் விளையாடிய ஒரு மாலை, பெட்டி ஒருமுறை உறுமிவிட்டு அடங்கிப் போயிற்று. கூடவே வார்னிஷ் எரிந்த மணம். பரீட்சைக்கு இரண்டு வாரங்கள் இருந்தன.

இப்போது கைத்தொலைபேசியிலேயே சுருதி போடலாம் என்று பிள்ளைகள் சொன்னார்கள். ரீச்சருக்கு அது ஒத்துவரவில்லை. வர்ணத்தின் நடுவே கனடாவிலிருந்து மகள் அழைத்தால் சுருதி அறுந்துவிடும் என்பது ஒரு காரணம். மற்றக் காரணத்தை அவர் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தைத் தாண்டியபோது, அவருடைய கணவர் சைக்கிள் கரியரில் அரிசிப் பையோடு சேர்த்துக் கட்டியது இந்தப் பெட்டியைத்தான். ஐந்து வருடமாக மின்சாரமே இல்லாத ஊரிலிருந்து மின்சாரப் பெட்டியைக் காவிச் சென்ற மனிதர் அவர். இன்று அவர் இல்லை.

பெட்டியைச் சுன்னாகத்தில் ஒரு திருத்துநரிடம் கொண்டுபோனேன். கடையின் பின்புறம் பழைய றேடியோக்களின் மயானம்போல் இருந்தது. நான்கு திருகாணிகளைக் கழற்றி மூடியைத் திறந்தவர் சிரித்துவிட்டார்.

“அண்ணை, இதைப் பாருங்கோ. எங்கட காலத்து வேலை.”

உருகியின் கண்ணாடிக் குழாயைச் சுற்றிச் சிகரட் பெட்டிக்குள் இருக்கும் ஈயத்தாள் அழகாக இறுக்கப்பட்டிருந்தது. பளபளக்கும் பக்கம் உலோக முனைகளைத் தொடும்படி மிகக் கவனமாகச் செய்த வேலை. 1990களின் பிற்பகுதியில் மின்பிறப்பாக்கியிலிருந்து மணிக்கணக்கில் அளந்து மின்சாரம் வந்த நாட்களில் கணவர் செய்தது என்று ரீச்சர் பின்னர் உறுதிப்படுத்தினார்.

இந்த ஈயத்தாளின் வரலாறு எங்கள் எல்லோருடைய வரலாறும்தான். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாடு இருண்டது. பற்றரிகள் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் இருந்தன. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் பி.பி.சி. தமிழோசை கேட்டோம். ஜாம் போத்தலில் திரியிட்டுப் படித்தார்கள் பிள்ளைகள். பத்திரிகைத் தாள் வராதபோது அப்பியாசக் கொப்பித் தாளில் நாங்கள் செய்தி அச்சிட்டோம். இல்லாததை இருப்பதால் ஈடுசெய்த அந்தக் கெட்டித்தனத்தைப் பற்றி ஆண்டுதோறும் கட்டுரைகள் வருகின்றன, நானும் எழுதியிருக்கிறேன். அந்தக் கெட்டித்தனம் வீடுகளுக்குள் விட்டுச்சென்ற மிச்சங்களைப் பற்றி எவரும் எழுதியதாக நினைவில்லை.

டைனமோ 6 வோல்ற், 3 வாற்றுக்கு உரியது. எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அரை அம்பியர் அளவுக்கு மேல் அதிகம் தராது. அதற்கு உருகியே வேண்டியதில்லை. தாளைச் சுற்றினாலும் ஆணியை வைத்தாலும் ஒன்றும் ஆகாது. அதே கைப்பழக்கம் 230 வோல்ற்றுக்கு வந்தபோதுதான் வினை. சுருதிப்பெட்டி ஏறக்குறைய 10 வாற்று எடுக்கும் என்று கொண்டால், மின்னோட்டம் அம்பியரில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே 100 மில்லி அம்பியர் உருகி அதற்குத் தாராளம். ஈயத்தாளோ பல அம்பியரைச் சலனமின்றி விட்டுவிடும். அன்று மாலை அளவுக்கு மேல் மின்னோட்டம் பாய்ந்தபோது உருக வேண்டியது உருகவில்லை. அதற்குப் பதிலாக நிலைமாற்றியின் முதற்சுருள் எரிந்தது.

ஆங்கிலத்தில் பியூஸ் என்பதை எங்கள் பாடநூல்கள் உருகி என்று கற்பித்தன. தமிழில் கலைச்சொல் ஆக்கியவர்கள் பல இடங்களில் எங்களை வதைத்ததுண்டு. இந்தச் சொல்லுக்காக அவர்களை மன்னிக்கலாம்.

திருத்துநர் ஈயத்தாளை மெல்ல உரித்துக் கண்ணாடிக் குழாயை மின்குமிழுக்கு நேரே பிடித்துக் காட்டினார். கண்ணாடி தெளிவாக இருந்தது. உள்ளே கம்பி நடுவில் மட்டும் அறுந்திருந்தது. குறுஞ்சுற்று என்றால் கம்பி ஆவியாகிக் கண்ணாடி கருத்துவிடுமாம். “அந்த நாளிலை இதுக்குப் பெரிய வருத்தம் ஒண்டும் இருந்திருக்காது. சின்னதா ஒரு கரண்ட் ஏத்தம். புது உருகி ஒண்டு போட்டிருந்தால் சரி” என்றார். அன்று அந்தப் புது உருகியை எந்தக் கடையில் வாங்கியிருக்க முடியும் என்று நான் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் மீற்றரை எடுத்தார்.

எரிந்த சுருளைத் திரும்பச் சுற்றுவது அவ்வளவு மெல்லிய கம்பியில் வீண்வேலை. ஒரு பழைய கசற் ரெக்கோடரிலிருந்து 9 வோல்ற் நிலைமாற்றியைக் கழற்றிப் பொருத்தினார். அதைவிட நேரம் எடுத்தது உருகிக்குத்தான். அவரிடம் 1 அம்பியர் உருகிகள் ஒரு டப்பா நிறைய இருந்தன, போட மறுத்துவிட்டார். பக்கத்துக் கடையில் கிடைத்த 100 மில்லி அம்பியர் உருகியின் முனையில் எஃப் என்று பொறித்திருந்தது. அது விரைவாக உருகும் வகை. நிலைமாற்றி ஆளி போட்ட கணத்தில் ஒருமுறை பெரிதாக இழுக்கும், அதற்கே இது அறுந்துபோகும், டீ என்று பொறித்த மெதுவாக உருகும் வகைதான் வேண்டும் என்றார். அதற்காக நான் மறுநாளும் வர வேண்டியதாயிற்று. இதே கைகள்தான் ஒரு காலத்தில் ஈயத்தாள் சுற்றியவை என்பதை அவரே சொன்னார்: “சாமான் இல்லாத காலத்துப் பழக்கம், அண்ணை. சாமான் வந்த பிறகும் கை விடேல்லை. எத்தினை வீட்டிலை இன்னும் கட்டவுட்டுக்குள்ளை தடிச்ச கம்பி கிடக்குது தெரியுமோ?”

நிலைமாற்றிக்குப் பணம் வாங்கினார். உருகிக்கு வாங்கவில்லை. மேலதிகமாக இரண்டு உருகிகளை மூடியின் உட்புறம் ஒட்டுநாடாவால் ஒட்டி, பக்கத்தில் பேனையால் 100 மி.அ. என்று எழுதியும் தந்தார்.

ரீச்சர் பெட்டியை ஐந்தரைக் கட்டைக்குத் திருப்பிக் கண்ணை மூடிக் கேட்டார். அடியில் மெல்லிய இரைச்சல் ஒன்று புதிதாக வந்திருக்கிறது என்றார், எனக்குக் கேட்கவில்லை. பிறகு, பழைய உருகியையும் அந்தத் தாளையும் கடையில் விட்டுவிட்டு வந்தேனா என்று கேட்டார். சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வாங்கித் தன் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டு, வாசலில் காத்திருந்த பிள்ளைகளை உள்ளே வரச் சொன்னார்.