பேட்டரி மேல் விழும் பழி

வேளச்சேரியிலிருந்து பள்ளிக்கரணைக்குப் போகும் வழியில், பெரிய சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது அந்தப் பட்டறை. முன்பக்கத்தில் இன்னும் பழைய ஆட்டோ எலக்ட்ரிகல் வேலைதான்: ஆல்டர்னேட்டர், செல்ஃப் மோட்டார், ஹாரன், ஹெட்லைட். பின்பக்கத் தகரக் கொட்டகையில் ரப்பர் பாய் விரித்த இடம் மின்வாகனங்களுக்கு. பட்டறைக்காரர் ஐம்பதைத் தாண்டியவர், டைனமோ காயில் சுற்றிக் கை பழகியவர். கூடவே அரசு ஐடிஐயில் மின்வாகன மெக்கானிக் பிரிவு படித்துவிட்டு வந்த இளம்பெண் ஒருத்தி, ஒயரிங் வேலை பழகும் பையன் ஒருவன். எல்லோரும் அவரை மாஸ்டர் என்கிறார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

‘சார்ஜ் ஏறல’ என்று வருகிறவர்களில் பலர் பயந்துபோய்த்தான் வருகிறார்கள். பேட்டரி போயிருக்கும், லட்சக்கணக்கில் செலவாகும் என்று வழியிலேயே யாராவது சொல்லியிருப்பார்கள். மாஸ்டர் பேட்டரி பேச்சை எடுப்பதே இல்லை.

“எங்க ஏறல சார்? வீட்லயா, வெளியிலயா, ரெண்டு எடத்துலயுமா?”

வந்தவர் இதற்குச் சொல்லும் பதிலிலேயே வேலை பாதியாகக் குறைந்துவிடுகிறது. மீட்டர் பெட்டியில் கிளம்பும் மின்சாரம் சுவர் சாக்கெட், சார்ஜர் பெட்டி, கேபிள், கையில் பிடிக்கும் கன், வண்டியின் வாய், உள்ளே இருக்கும் ஆன்போர்டு சார்ஜர் என்று பல கை மாறித்தான் பேட்டரிக்குப் போகிறது. வெளியே ஏறுகிறது, வீட்டில் ஏறவில்லை என்றால் வண்டியைப் பிரிக்கவே வேண்டாம். எங்கேயும் ஏறவில்லை என்றால் வண்டியின் வாயிலிருந்து உள்நோக்கித் தேட வேண்டும். வேகமாக ஏற்றும் டிசி நிலையத்தில் ஏறுகிறது, ஏசியில் மட்டும் ஏறவில்லை என்றால் ஆன்போர்டு சார்ஜர் மீதும் அதற்குப் போகும் ஒயர்கள் மீதும் சந்தேகம் திரும்பும், ஏனென்றால் டிசி அந்தப் பெட்டியைத் தொடாமலே பேட்டரிக்குப் போய்விடும். கருவியைக் கையில் எடுக்கும் முன்பே இவ்வளவும் நடந்து முடிகிறது.

நான் போயிருந்த அன்று ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் காரோடு வந்திருந்தார். பட்டறைச் சாக்கெட்டில் மாட்டியதும் உடனே சார்ஜ் ஏறியது. வீட்டில் மாட்டினால் சார்ஜர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறதாம். “வண்டில ஒண்ணும் இல்லீங்க சார். உங்க வீட்டு எர்த்தைத்தான் பாக்கணும்” என்றார் மாஸ்டர். ஆசிரியருக்கு நம்பிக்கை வரவில்லை. அதே சாக்கெட்டில் இஸ்திரிப் பெட்டியும் கிரைண்டரும் நன்றாக ஓடுகின்றனவே என்றார். நியாயமான கேள்விதான். எர்த் இல்லாவிட்டாலும் கிரைண்டர் ஓடும். கார் மட்டும்தான் எர்த்தைக் கேட்டு அடம்பிடிக்கிறது.

அதற்குக் காரணம் உண்டு. ஆன்போர்டு சார்ஜரின் உள்ளே, மின் இரைச்சலை வடிகட்டுவதற்காக, ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் வண்டியின் உடம்புக்குச் சிறு கெப்பாசிட்டர்கள் போட்டிருப்பார்கள். அவற்றின் வழியே கசியும் கொஞ்ச மின்னோட்டம் எர்த் ஒயரில் இறங்கிப் போய்விட வேண்டும். எர்த் இல்லையென்றால் வண்டியின் இரும்பு உடம்பு 230 வோல்ட்டில் ஏறக்குறையப் பாதி அழுத்தத்தில் மிதக்கும். ஈரக் காலோடு கதவைத் தொடுகிறவருக்குச் சுரீரென்று இருக்கும். அதோடு இன்சுலேஷனும் ஓரிடத்தில் விட்டுப்போனால் சுரீரோடு நிற்காது, உயிரையே எடுத்துவிடும். அதனால்தான் சார்ஜர் முதலில் எர்த்தைத் தேடுகிறது, கிடைக்காவிட்டால் மறுக்கிறது. அந்தச் சிவப்பு விளக்கைக் கோளாறு என்று சொல்லவே எனக்கு மனம் வரவில்லை. அது தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தது.

ஆசிரியரின் அடுக்ககத்துக்கு நாங்களும் போனோம். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே மீட்டர் சரியாகக் காட்டியது. எர்த்தைத் தொட்டதும் எண் அலைந்தது, ஒரு நிலையில் நிற்கவில்லை. இந்த இடத்தில் டிஜிட்டல் மீட்டரை அப்படியே நம்பக்கூடாது என்று இளம்பெண் எனக்கு விளக்கினாள். எங்கும் சேராமல் தொங்கும் ஒயரிலும், பக்கத்து ஒயரின் பாதிப்பால் அது ஏதோ ஒரு வோல்ட்டேஜைக் காட்டிவிடும். ஓர் இழை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தால்கூட எல்லாம் நன்றாக இருப்பதுபோல் எண் வரும். அதனால் சுற்றில் நிஜமாகவே மின்னோட்டத்தைச் செலுத்தித் தடையை அளக்கும் கருவியைத்தான் இவர்கள் எடுக்கிறார்கள். முன்பெல்லாம் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் குண்டு பல்பை மாட்டிப் பார்ப்பது வழக்கம். மாஸ்டர் அதை விட்டுவிட்டார். எர்த் ஒயர் எங்கோ அறுந்திருந்தால், பல்பு வழியாகப் போகும் மின்சாரம் அதே ஒயரில் சேர்ந்திருக்கும் ஃபிரிட்ஜின் உடம்புக்கும் வாஷிங் மெஷினின் உடம்புக்கும் போய்விடும். பக்கத்து அறையில் யார் எதைத் தொட்டுக்கொண்டிருப்பார்கள் என்று நமக்குத் தெரியாது.

சாக்கெட், மாடியின் பெட்டி, மீட்டர் போர்டு என்று ஒவ்வொரு இணைப்பாகப் பின்னோக்கி அளந்துகொண்டே கீழே இறங்கினார்கள். கடைசியில் எல்லாம் போய் நின்றது எர்த் குழியில். கார் நிறுத்துமிடத்துக்கு டைல்ஸ் போட்டபோது குழியையும் சேர்த்து மூடிவிட்டிருந்தார்கள். கரியும் உப்பும் போட்டு, கோடையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொள்ள வேண்டிய குழி அது. காவலாளிக்கு இடம் ஞாபகம் இருந்தது. டைல்ஸைப் பெயர்த்துப் பார்த்தால், செம்புக் கம்பி ஜிஐ குழாயோடு சேரும் இடத்தில் பச்சை பூத்து, போல்ட் அரித்துப் போயிருந்தது. இரண்டு வேறு உலோகங்கள் ஈரத்தில் சேர்ந்தால் ஒன்று மற்றொன்றைத் தின்னும். கார் வாங்கியிராவிட்டால் அந்த வீட்டுக்காரர்கள் எர்த் இல்லாமலே பல வருஷம் இருந்திருப்பார்கள், ஹீட்டர் போட்டுக் குளித்துக்கொண்டு.

இதே கோளாறுக்கு ஊரில் ஒரு குறுக்குவழி இருக்கிறது. ப்ளக்கின் உள்ளே எர்த் முனையையும் நியூட்ரல் முனையையும் ஒரு துண்டு ஒயரால் பாலம் போட்டுவிடுவார்கள். சார்ஜர் ஏமாந்துபோகும், பச்சை விளக்கு எரியும், வண்டிக்காரர் சந்தோஷமாகக் காசு கொடுப்பார். ஆனால் மேலே எங்காவது நியூட்ரல் விட்டுப்போனால் முழு 230 வோல்ட்டும் வண்டியின் உடம்பில் வந்து நிற்கும். சாக்கெட்டில் ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருந்தால் மாட்டிய நொடியிலேயே வந்து நிற்கும். ‘பாலம் போட்டுக் கொடுங்க, பொறுப்பு என்னோடது’ என்று வந்தவர்களையும் மாஸ்டர் திருப்பி அனுப்பியிருக்கிறார். “அவரு பொறுப்பு எடுத்துக்குவாரு சார். வண்டியத் தொடப்போற கொழந்த யாரு வீட்டுதுன்னு அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.”

பட்டறைக்குத் திரும்பியபோது ஒரு கன் மேசைமேல் கிடந்தது. மாட்டினால் சில நேரம் ஏறும், சில நேரம் ஏறாது. இந்தத் தொழிலில் ஆளை மிகவும் அலைக்கழிப்பது இந்த வகைதான்.

கார்களில் மாட்டும் டைப் 2 கன்னில் கனமான மின்சாரம் போகும் முனைகளைத் தவிர இரண்டு சிறு முனைகள் உண்டு. அவற்றில் ஒன்று பைலட். விருந்தாளி வாசலில் நின்று குரல் கொடுத்து, உள்ளிருந்து பதில் வந்த பிறகுதான் படியேறுவார் இல்லையா, பைலட் கம்பி அந்தக் குரல். சார்ஜர் அதில் 12 வோல்ட் வைத்துக் காத்திருக்கும். வண்டியில் மாட்டியதும் உள்ளே இருக்கும் 2.74 கிலோ ஓம் ரெசிஸ்டர் அதை 9 வோல்ட்டுக்கு இழுக்கும். வண்டி வந்துவிட்டது என்று சார்ஜருக்குப் புரியும். உடனே அது நொடிக்கு ஆயிரம் முறை ஏறி இறங்கும் அலையை அனுப்பும். ஒவ்வோர் அலையிலும் எவ்வளவு பங்கு நேரம் மேலே நிற்கிறது என்பதை வைத்து எத்தனை ஆம்பியர் எடுக்கலாம் என்று வண்டி கணக்கிட்டுக்கொள்ளும். பாதி நேரம் என்றால் 30 ஆம்பியர். வண்டி தயாரானதும் இன்னொரு ரெசிஸ்டரையும் சேர்த்து 6 வோல்ட்டுக்கு இறக்கும். அப்போதுதான் சார்ஜருக்குள் டக்கென்று கான்டாக்டர் விழும் சத்தம் கேட்கும். அதுவரை கன்னின் பெரிய முனைகளில் மின்சாரமே இல்லை.

இதில் என்னை வியக்க வைத்தது ஒரு சிறு டையோடு. அலை மேலே 9 வோல்ட்டுக்கோ 6 வோல்ட்டுக்கோ இறங்கினாலும், கீழ்ப்பக்கம் கழித்தல் 12 வோல்ட் அப்படியே நிற்க வேண்டும். வண்டிக்குள் இருக்கும் டையோடு ஒரு பக்கத்தை மட்டும் இழுப்பதால் அப்படி நிற்கிறது. கன் மழைத் தண்ணீரில் விழுந்து, தண்ணீர் வழியே மின்சாரம் கசிந்தால் இரண்டு பக்கமும் குறையும். எதிரில் இருப்பது வண்டி இல்லை என்று சார்ஜர் கண்டுகொண்டு மின்சாரத்தைத் திறக்காது. இதை யோசித்து வைத்தவர்கள் கெட்டிக்காரர்கள்.

இளம்பெண்ணிடம் கைக்கு அடக்கமான பிளாஸ்டிக் டப்பா ஒன்று இருக்கிறது. ரிச்சி தெருவில் ரெசிஸ்டர், டையோடு, சுவிட்ச் எல்லாம் வாங்கிவந்து அவளே செய்தது. கன்னை அதில் மாட்டினால், தன்னைக் கார் என்று சார்ஜரை நம்ப வைக்கும். சுவிட்சைத் தட்டினால் 9 வோல்ட், மறுபடி தட்டினால் 6 வோல்ட். கோளாறு வண்டியிலா, கன்னிலா என்று நிமிஷத்தில் தெரிந்துவிடும். அன்று கன்னில்தான் இருந்தது. பைலட் முனையில் மீட்டரை வைத்து, குறைந்த அளவையும் கூடிய அளவையும் பிடித்து வைக்கும்படி மாற்றிவிட்டு, கேபிளைப் பையன் கையில் கொடுத்தாள். “மெதுவா வளைச்சுக்கிட்டே வாடா, இழுக்காத.” அவன் ஒரு முழம் ஒரு முழமாக வளைத்துக்கொண்டு வந்தான். கன்னின் கழுத்துக்கு ஒரு சாண் கீழே வளைத்தபோது எண் குதித்தது. மறுபடி வளைத்தான், மறுபடி குதித்தது. இந்தக் கன்னைத் தினமும் கழற்றிக் கழுத்தில் மடித்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். ரப்பர் உறைக்கு ஒன்றும் ஆகவில்லை, உள்ளே மெல்லிய பைலட் ஒயர் மட்டும் இற்றுவிட்டிருந்தது. அறுத்துப் பார்த்தபோது இரண்டு மூன்று இழைதான் ஒட்டிக்கொண்டிருந்தது.

டிசி கன் வேலைகள் இங்கே குறைவு. உயர் மின்னழுத்தம் போகும் ஆரஞ்சு நிற ஒயரைத் தொட வேண்டிய வேலை வந்தால் மாஸ்டர் வேறு மனிதராகிவிடுகிறார். ரப்பர் கையுறையைச் சுருட்டிக் காற்றை அடைத்து, காதருகே வைத்து ஊசித் துளை இருக்கிறதா என்று கேட்கிறார். அதன்மேல் தோல் உறை. பேட்டரியின் உயர் அழுத்தத்தைத் துண்டிக்கும் சர்வீஸ் ப்ளக்கை எடுத்தபின் அந்த வண்டிக் கையேடு சொல்லும் நேரம் வரை யாரையும் கிட்டே விடுவதில்லை. பிறகு மீட்டரை முதலில் மின்சாரம் இருக்கும் இடத்தில் வைத்துப் பார்த்து, வண்டியில் பூஜ்யம் வருகிறதா என்று பார்த்து, மீண்டும் பழைய இடத்தில் வைத்து மீட்டர் உயிரோடுதான் இருக்கிறதா என்று உறுதி செய்கிறார்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் இந்தப் பகுதியை மூழ்கடித்தது. அந்தத் தண்ணீரில் நின்ற வண்டிகள் உடனே வரவில்லை, மாதங்கள் கழித்து வந்தன. காலையில் எரர், மதிய வெயிலில் எரர் இல்லை. கப்ளருக்குள் நுழைந்த ஈரம் முனைகளில் மெல்லப் பச்சை பூக்க வைக்கும். பனிக்காலைகளில் அது மின்சாரத்தைக் கசியவிடும், காய்ந்ததும் நின்றுவிடும். கருவி மாட்டும் நேரத்தில் கோளாறு ஒளிந்துகொண்டால் என்ன செய்வது? வண்டியை இரவு பட்டறையில் விட்டுவிட்டு, விடியற்காலையில் வந்து அளந்திருக்கிறார்கள்.

அதிகமாக வருவது என்னவோ கருகிய ப்ளக்தான், ஸ்கூட்டராக இருந்தாலும் காராக இருந்தாலும். வீட்டுச் சாக்கெட்டில் மாட்டும் கார் சார்ஜர் சுமார் 14 ஆம்பியர் இழுக்கும், அதையும் இரவு முழுக்க. மிக்ஸி ஐந்து நிமிஷம் ஓடுவதும் இதுவும் ஒன்றல்ல. சாக்கெட்டின் பித்தளை நாக்கு தளர்ந்து, ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்கு தடை சேர்ந்தால் போதும். 14 ஆம்பியருக்கு அந்த ஒரு புள்ளியில் 20 வாட் சூடு உண்டாகும். விரல் நுனி அளவு இடத்தில், பிளாஸ்டிக்குக்கு நடுவே, எட்டு மணி நேரம். சூடு நாக்கை இன்னும் தளர்த்தும், தளர்ச்சி சூட்டை இன்னும் கூட்டும். பின்னை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கித் திரும்ப மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். முலாம் போய்விடும், அடுத்த மாதம் இன்னும் மோசமாகக் கருகும். ப்ளக்கை மட்டும் மாற்றினாலும் தீராது. கருகிய சாக்கெட் புது ப்ளக்கையும் கருக்கிவிடும்.

கூலி விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. அரை நாள் அளந்து, கடைசியில் ஒரு லக்கைப் புதிதாகக் கிரிம்ப் செய்து கொடுத்தால், “இதுக்கா இவ்வளவு?” என்று கேட்கிறார்கள். ஒரு பெட்டியையே மாற்றிக் கொடுத்தால் அதைவிடப் பல மடங்கு பணத்தைக் கேட்காமல் கட்டிவிட்டுப் போகிறார்கள். ஆக, நல்ல பெட்டியைக் கழற்றி எறிவதற்குத்தான் இங்கே லாபம், கண்டுபிடிப்பதற்கு இல்லை. இது தவறு. இதோடு இன்னொரு தடையும் சேர்கிறது. வண்டிகளின் ஒயரிங் படம் கம்பெனி சர்வீஸுக்கு வெளியே இருக்கும் மெக்கானிக்குகளுக்கு எளிதில் கிடைப்பதில்லை. மாஸ்டர் நோட்டுப் புத்தகங்களில் தானே வரைந்து வைத்திருக்கிறார், எந்தக் கப்ளரில் எந்த முனை, என்ன நிறம், நல்ல வண்டியில் எத்தனை ஓம் என்று. இந்தக் கணக்கைத் தயாரிப்பாளர்களே வெளியிட வேண்டும். உத்தரவாதக் காலம் முடிந்த வண்டிகள் இப்படிப்பட்ட பட்டறைகளுக்குத்தான் வரப்போகின்றன. படமில்லாமல் 400 வோல்ட் வண்டிக்குள் கை வைக்கச் சொல்வது அந்தத் தொழிலாளியின் உயிரோடு விளையாடுவது.

மின்வாகனம் வைத்திருக்கிறவர்கள், வாங்கப்போகிறவர்கள் எல்லோருக்கும் சொல்ல வேண்டியது இது. மீட்டர் பெட்டியிலிருந்து சார்ஜருக்கென்று தனி லைன் இழுங்கள், அதற்கு, கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போடுங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டாதீர்கள். எலக்ட்ரீஷியனிடம் எர்த்தை அளந்து எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் ப்ளக்கில் யாராவது எர்த்தையும் நியூட்ரலையும் பாலம் போட்டுக் கொடுத்திருந்தால், இன்று இரவு வண்டியை மாட்டுவதற்கு முன்பே அதைக் கழற்றச் சொல்லுங்கள்.