போன் நம்முடையதா, கம்பெனியுடையதா?

ரொம்ப நாளாக எழுத நினைத்த விஷயம். காசு கொடுத்து வாங்கிய போனுக்கு நாம் சொந்தக்காரர்களா, வாடகைக்காரர்களா? வகுப்பில் கேட்டால் "ஆரம்பிச்சுட்டான்டா" என்று சிரிக்கிறார்கள். அதனால் இங்கே :-)

முதலில் எதிர்க்கட்சியின் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். போன், வாட்ச், லேப்டாப் மூன்றும் ஒரே கம்பெனி என்றால் சுகம்தான். போனில் எடுத்த படம் லேப்டாப்பில் தானாக வந்து நிற்கிறது. போன் தொலைந்தால் எங்கே இருக்கிறது என்று மேப்பில் தேடலாம். கண்ட ஆப்பையும் இறக்கி எங்கள் அம்மா பணத்தைப் பறிகொடுக்காமல் இருக்க, வாசலில் ஒரு வாட்ச்மேன் இருப்பது நல்லதுதான்.

ஆனால் அந்த வாட்ச்மேன் வீட்டுச் சாவியையும் தன் இடுப்பிலேயே சொருகிக்கொண்டால்?

2009 ஜூலையில் அமேசான், வாசகர்கள் காசு கொடுத்து வாங்கிய ஜார்ஜ் ஆர்வெல் நாவல்களை அவர்களுடைய கிண்டிலிலிருந்தே அழித்தது. விற்றவருக்கு உரிமை இல்லை என்பது காரணம். பணம் திரும்பி வந்தது, மன்னிப்பும் கேட்டார்கள். அழித்ததில் ஒன்று '1984'. வேறு புத்தகமே கிடைக்கவில்லையா!

2017 டிசம்பரில் ஆப்பிள், பேட்டரி பழசான சில ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் வழியாகக் குறைத்ததை ஒப்புக்கொண்டது. போன் திடீரென்று அணையாமல் இருக்கத்தான் என்றது. காரணம் சரியாகவே இருக்கட்டும். முன்பே தெளிவாகச் சொல்லியிருந்தால், புதுப் போனுக்குப் பதில் புது பேட்டரி போதும் என்று பலர் முடிவு செய்திருக்கலாமே. அப்பாவின் நோக்கியா 1100-ல் பின்மூடியைக் கழற்றி, கடையில் வாங்கிய பேட்டரியை நாமே மாட்டிவிடுவோம். அதற்கு யார் அனுமதியும் தேவைப்படவில்லை.

சட்டம் நினைத்தால் கதவு கொஞ்சம் திறக்கிறது. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம், ஆண்ட்ராய்ட் விவகாரத்தில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2024 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத்துக்குப் பணிந்து, அங்குள்ள ஐபோன்களில் வேறு ஆப் கடைகளையும் ஆப்பிள் அனுமதித்தது.

அதுவரை நான் என்ன செய்கிறேன்? போனைத் தூக்கி எறியவில்லை. ஆனால் அதில் என் தாத்தாவின் குரல் பதிவுகள் நான்கு இருக்கின்றன. தாத்தா இப்போது இல்லை. அந்தக் குரல் ஏதோ ஒரு கம்பெனியின் கடவுச்சொல்லுக்குப் பின்னால் மட்டும் இருப்பதில் எனக்குச் சம்மதமில்லை. எந்தக் கருவியிலும் ஓடும் எம்பி3 கோப்பாக மாற்றி, ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, மாமா வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒன்று என்று வைத்திருக்கிறேன். அரை மணி நேர வேலை.

வசதி வேண்டாம் என்று சொல்லவில்லை நண்பர்களே. வெளியே போகும் வழி திறந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். உங்கள் கணக்கு நாளைக் காலை முடங்கினால், உங்கள் கையில் என்ன மிஞ்சும்?