நாலு மணி நேரத்துக்கு ஒன்று

ஜூலை 26, 2025

பனிமய மாதா கோயிலில் இன்று கொடியேற்றம். அக்கா போகவில்லை. அக்கா மகனுக்கு ஸ்கேனில் இரண்டு நுரையீரலிலும் கட்டி. "இனி கீமோ கொடுத்து உடம்பை வருத்த வேண்டாம், வலியில்லாம பாத்துக்குவோம்" என்றார் டாக்டர். ஆஸ்டியோசார்கோமா. வளர்கிற வயதுப் பிள்ளைகளுக்கு, பெரும்பாலும் முழங்காலை ஒட்டி வருகிற எலும்புப் புற்று. பரவினால் முதலில் நுரையீரலுக்குத்தான் போகும். போன வருஷம் இடது காலைத் தொடைவரை எடுத்தோம். அத்தோடு விட்டது என்று நம்பியிருந்தோம். அவனுக்குப் பதினேழு வயது.

எழுதி வைக்காவிட்டால் எது எந்த நாள் நடந்தது என்பதே குழம்பிவிடும். அதற்குத்தான் இந்த நோட்டு.

ஜூலை 29

மார்ஃபின், பத்து மில்லிகிராம். நாலு மணி நேரத்துக்கு ஒன்று. ராத்திரி படுக்கும்போது மட்டும் இரண்டு, நடுச்சாமத்தில் எழுப்ப வேண்டாம். மலச்சிக்கலுக்குத் தனி மாத்திரை. வலி வந்தபிறகு கொடுக்கக் கூடாது, வருவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும் என்று வீட்டுக்கு வரும் நர்ஸ் திரும்பத் திரும்பச் சொன்னார். மூச்சு வாங்கினால் டேபிள் ஃபேனை முகத்துக்கு நேரே திருப்பி வைக்கச் சொன்னார். இவ்வளவு சின்னக் காரியம், உண்மையிலேயே கேட்கிறது.

ஆகஸ்ட் 5

திருவிழா. வேட்டுச் சத்தம் வீடுவரை வந்தது. நல்லவேளை, தூங்கிவிட்டான்.

ஆகஸ்ட் 17

ஜெபக் குழுவிலிருந்து ஒரு அக்கா வந்து கியாரா பதானோவின் கதையைச் சொல்லிவிட்டுப் போனார். இத்தாலியில் சசெல்லோ என்கிற சின்ன ஊர்ப் பெண். இவனுக்கு வந்த அதே நோய். 1990 அக்டோபர் 7 அன்று, பதினெட்டு வயதில் இறந்தார். 2010இல் அருளாளர் பட்டம் கொடுத்தார்கள். மணப்பெண் உடையில் அடக்கம் செய்யச் சொன்னவர். மார்ஃபினை வேண்டாம் என்றவர். அறிவு தெளிவாக இருக்க வேண்டும், இயேசுவுக்குக் கொடுக்க இந்த வலியை விட்டால் தன்னிடம் வேறொன்றும் இல்லை என்பது அவர் எண்ணம்.

"பாருய்யா, எப்படிச் சிரிச்ச முகமா போயிருக்கு அந்தப் பிள்ளை!" என்றார் அந்த அக்கா. நல்ல மனசோடுதான் சொன்னார். அவன் தலையாட்டினான்.

ஆகஸ்ட் 20

இரண்டு ராத்திரியாகப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். மருந்து போதவில்லை, நர்ஸைக் கூப்பிட வேண்டும் என்று பதறினோம். இன்று தலையணை உறை மாற்றும்போது அவன் செல்போன் கவருக்குள்ளே தட்டுப்பட்டது. வரிசையாக மாத்திரைகள். வாயில் போட்டு, நாங்கள் அந்தப் பக்கம் போனதும் துப்பியிருக்கிறான். ஈரம் பட்டு ஓரம் கரைந்திருந்தன.

"ஏம்லே?"

"தெளிவா இருக்கணும்ல சித்தி."

"இருந்தியா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "இல்ல. வலி மட்டுந்தான் இருந்துச்சு. ஒரு அருள்நிறைந்த மரியே முழுசாச் சொல்ல முடியல."

கியாராமேல் எனக்குக் கோபமில்லை. தனக்கென்று அந்தப் பெண் எடுத்த முடிவு அது. அதைக் கொண்டுவந்து இன்னொரு பிள்ளையின் தலைமாட்டில் வைக்கிறோமே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஆகஸ்ட் 22

ஃபாதர் நன்மை கொடுக்க வந்தார். வாசலிலேயே நிறுத்தி எல்லாம் சொன்னேன். 1957இலேயே பன்னிரண்டாம் பத்திநாதர் பாப்பரசர், மயக்கமருந்து டாக்டர்களிடம் இதைப் பற்றித் தெளிவாகப் பேசியிருக்கிறார் என்றார். சாகக் கிடப்பவரின் வலியைக் குறைக்க வேறு வழியில்லாதபோது அப்படிப்பட்ட மருந்து கொடுக்கலாம், அதனால் ஆயுள் குறைந்தாலும் பாவமில்லை. எழுபது வருஷத்துக்கு முந்தின பேச்சு. எங்கள் தெருவுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

உள்ளே போனவர் இதில் ஒன்றையும் சொல்லவில்லை. "மாத்திரை போட்டியா தம்பி?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றான். தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, அவரே கையில் கொடுத்தார். பிறகு கட்டிலோரத்தில் உட்கார்ந்து கிரிக்கெட் பேசினார். அரை மணி நேரம் இருக்கும். அவன் நெற்றிச் சுருக்கம் தளர்ந்தபிறகுதான் எழுந்து நன்மைப் பாத்திரத்தைத் திறந்தார்.

செப்டம்பர் 7

பதினான்காம் லியோ பாப்பரசர், கார்லோ அகுதிஸுக்குப் புனிதர் பட்டம் கொடுத்ததைப் போனில் பார்த்தோம். ஏப்ரலில் நடக்க வேண்டியது, பிரான்சிஸ் பாப்பரசர் இறந்ததால் தள்ளிப்போனது. கம்ப்யூட்டர் தெரிந்த பையன், 2006இல் ரத்தப் புற்றில் இறந்தபோது வயது பதினைந்து. அசிசியில் உடலை ஜீன்ஸ் பேன்ட்டோடு வைத்திருக்கிறார்கள். அக்கா அழுதுகொண்டே பார்த்தாள்.

அவள் எழுந்து போனதும் மெல்லக் கேட்டான்: "அவருக்கு ரெண்டு வாரங்கூட இல்ல சித்தி. இப்படி இழுத்துக்கிட்டுக் கிடந்த புனிதர் யாரும் இல்லையா?"

செப்டம்பர் 11

வாந்தி. கஞ்சித் தண்ணிகூட இறங்கவில்லை.

அக்டோபர் 1

குழந்தை தெரேசம்மாள் திருநாள். அவன் கேட்டதற்கு இன்றுதான் பதில் சொன்னேன். 1896இல் பெரிய வெள்ளி பிறந்த இரவில் முதல் முறை ரத்தம் கக்கினார். மறுவருஷம் செப்டம்பர் 30 வரை, ஒன்றரை வருஷம் இழுத்தது. வயது இருபத்துநாலு. படத்தில் கை நிறைய ரோஜாவோடு நிற்கிறவருக்கு, அந்தக் காலம் முழுக்க மோட்சம் என்று ஒன்று இருக்கிறதா என்பதே இருட்டாக இருந்தது.

அடுத்ததைச் சொல்லலாமா என்று தயங்கினேன். "சொல்லுங்க" என்றான். வலி பொறுக்காத நோயாளி பக்கத்தில் விஷ மருந்தை வைத்துவிடாதீர்கள் என்று, தன்னைப் பார்த்துக்கொண்டவர்களிடம் அவரே எச்சரித்திருக்கிறார்.

"தெரேசம்மாளா? அவங்களா?" முகமே மாறிவிட்டது. மத்தியானம் இரண்டு இட்லி சாப்பிட்டான்.

ராத்திரி மாத்திரை டப்பாவை எடுத்து என் அறைக்குக் கொண்டுபோனேன். பார்த்தான். "பயப்படாதீங்க சித்தி" என்றான். கொண்டுபோனது போனதுதான்.

அக்டோபர் 5

இல்லாத இடது காலில் கட்டைவிரல் அரிக்கிறதாம். மெத்தையில் அந்த இடத்தைச் சொறிந்துவிடச் சொன்னான். சொறிந்தேன். "கொஞ்சம் மேல" என்றான்.

அக்டோபர் 12

அகுதிஸ் திருநாள். மூச்சு குறைந்துகொண்டே வருகிறது. நாலு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்துகிறான்.

"அடக்கப் பூசையில ஃபாதர்... சிரிச்ச முகமா தாங்கினான்னு... பிரசங்கம் வைக்கக் கூடாது. நீங்கதான் சொல்லணும்."

"வேற என்ன சொல்ல?"

"தினமும் திட்டினான்னு சொல்லச் சொல்லுங்க. ஆண்டவரைத்தான். காலையில எந்திரிச்சதும்... முதல் வேலை அதான்."

"பதில் ஏதும் வருதாலே?"

"இல்ல. ஆனா வேற யார்ட்டப் போய்த் திட்ட?"

அக்காவிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. உவரி அந்தோணியார் கோயிலில் ஒரு ராத்திரி தங்கினால் போதும் என்று அவள் பிடிவாதமாக இருக்கிறாள். அத்தான் வண்டியும் பேசிவிட்டார். அவனால் உட்காரவே முடியாது, வரமாட்டேன் என்கிறான். காலையில் அக்காவிடம் நான்தான் பேச வேண்டும். சண்டையில்தான் முடியும்.